மாதச் சந்தாவில் சொகுசுக் கார்: யாழ்ப்பாணத்தில் கணக்கு எப்படி வருகிறது?

லீசிங்கில் எடுத்த ஒரு வாகனத்தின் பதிவுப் புத்தகத்தைத் திறந்தால் உள்ளே இரண்டு பெயர் இருக்கும். ஒருவர் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர். கோண்டாவிலிலோ கொடிகாமத்திலோ இருந்துகொண்டு வண்டியை ஓட்டுகிறவர், மாதம் தவறாமல் தவணை கட்டுகிறவர், காப்புறுதி போடுகிறவர், ரயர் மாற்றுகிறவர் எல்லாம் அவர்தான். மற்றவர் முழு உரிமையாளர்: காசு கொடுத்த நிதி நிறுவனம். கடைசித் தவணையையும் கட்டி முடித்து, அந்த இரண்டாவது பெயரை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எடுப்பித்த பிறகே வாகனம் முழுதாக அவருக்குச் சொந்தம். “கார் எடுத்தாச்சு” என்று குடாநாட்டில் ஒருவர் சொல்லும்போது, அதன் பின்னால் பல வேளைகளில் இந்த இரட்டைப் பெயர் நிற்கிறது.

ஓகஸ்ட் மாதத்தில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் வரும் உறவினர்கள் இப்போது காசுக்கு வாங்குவதையும் லீசிங்கையும் தவிர மூன்றாவது வழி ஒன்றைப் பற்றிப் பேசுகிறார்கள். மாதச் சந்தா. கார், காப்புறுதி, சேர்விஸ், பதிவுச் செலவு எல்லாம் ஒரே கட்டணத்துக்குள் அடக்கம். முற்பணம் இல்லை, பிணைக்காரர் தேவையில்லை. வேண்டாம் என்றால் குறுகிய முன்னறிவித்தலோடு திருப்பிக் கொடுக்கலாம். அலுத்துப்போனால் வேறு மொடலுக்கு மாறலாம். “ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற இந்த ஏற்பாட்டை இங்கே ஒருவர் தொடங்கினால் என்ன, பென்ஸ் ஓட்ட ஆசைப்படுகிற டொக்டர்மாரும் வியாபாரிகளும் ஊரில் இல்லையா” என்று கேட்கிறார்கள்.

ஆட்கள் இருக்கிறார்கள். ஆனாலும் சொகுசுக் காருக்கு இங்கே சந்தா எடுபடாது என்பதே என் முடிவு. யாழ்ப்பாணத்தான் எதையும் சொந்தமாக வைத்திருக்க ஆசைப்படுகிறவன், வாடகைக்கு மனம் ஒப்பாதவன் என்று சிலர் சொல்லும் சமாதானத்தை நான் ஏற்கவில்லை. காரணம் காரின் விலையில் இருக்கிறது. கார் பழசாகும்போது அதன் விலைக்கு என்ன நடக்கிறது, அந்த நட்டமோ இலாபமோ யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்த்தால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும்.

முதலில் வெளிநாட்டில் நடந்ததைப் பார்த்துவிடலாம். 2017இல் கடிலாக் நிறுவனம் நியூயோர்க்கில் மாதம் 1,500 டொலருக்குச் சந்தா தொடங்கியது. பின்னர் அதை 1,800 டொலராக்கியது. ஆண்டுக்கு 18 தடவை வரை காரை மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் கவர்ச்சி. 2018 முடிவில் அதை நிறுத்திவைத்தார்கள். மெர்சிடிஸ் பென்ஸ் அமெரிக்காவில் 2018இல் தொடங்கிய திட்டத்தை 2020இல் மூடியது. பி.எம்.டபிள்யூ., அவுடி இரண்டும் 2021 தொடக்கத்தில் விலகிக்கொண்டன. வொல்வோவும் போர்ஷேயும் கூடிய காலம் தாக்குப்பிடித்தன. கார் செய்கிறவனே நடத்திய, வட்டி மலிவாக இருந்த நாட்டில், காசு புழங்கும் நகரங்களில் தொடங்கிய திட்டங்களுக்கே இந்தக் கதி. கோடையில் கூரை திறக்கும் காரும் மாரியில் ஜீப்பும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால், கேட்கப்படாத கார் எங்கேயோ சும்மா நிற்க வேண்டும். நிற்கிற காருக்கும் வட்டி ஓடும், காப்புறுதி ஓடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கழுவித் துடைத்து வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுகிற செலவு வேறு. இந்தியாவில் மாருதி சுசுகி 2020இல் சந்தா தொடங்கியபோது இந்தப் பொறியில் விழவில்லை. அது சாதாரணக் குடும்பக் கார்களை, ஆண்டுக்கணக்கான ஒப்பந்தத்தில் கொடுத்தது. பெயர் சந்தா என்றாலும் அது நீண்டகால வாடகைக்குப் பக்கத்தில் நிற்கும் ஏற்பாடு.

சந்தாக்காரர் உண்மையில் எதற்குக் காசு கொடுக்கிறார்? அமெரிக்காவிலும் கனடாவிலும் புதிய சொகுசுக் கார் ஒன்று முதல் மூன்று நான்கு ஆண்டுக்குள் தன் விலையில் பெரும்பங்கை இழந்துவிடும். அந்த இழப்பை வேறொருவர் தலையில் போட்டுவிட்டு, காரை மட்டும் ஓட்டுவதற்கான கட்டணமே சந்தா. கனடாவில் எங்கள் ஆட்கள் எடுக்கிற லீசிங்கும் அதே அடிப்படைதான். மூன்று நான்கு ஆண்டுக்குப் பிறகு கார் இவ்வளவு பெறுமதி பெறும் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, இடையில் குறைகிற தொகையையும் வட்டியையும் மட்டும் மாதாமாதம் கட்டுகிறார்கள். முடிவில் காரைக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுக்கிறார்கள். யாழ்ப்பாணத்து லீசிங் அப்படியான ஒன்றில்லை. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் நடக்கும் இந்த ஏற்பாட்டில் காரின் முழு விலையையும் நாம்தான் கட்டி முடிக்கிறோம். கார் முடிவில் நம்முடையதாகிறது. பெறுமதி குறைந்தால் நட்டமும் கூடினால் இலாபமும் நமக்கு. வாகனத்தையே ஈடாக வைத்த கடன் என்று அதைச் சொல்வதே சரி. வெளிநாட்டு மருமகன் அங்கே எடுத்த லீசிங்கை மனதில் வைத்துக்கொண்டு இங்குள்ள மாமனாருக்கு ஆலோசனை சொன்னால், இருவரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இனி விலை. இலங்கையில் கார் ஒன்றின் விலையைத் தீர்மானிப்பது தொழிற்சாலையைவிடத் துறைமுகம். 1960களில் இறுகத் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடு 1977 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் புதிய கார் வருவது அரிதாக இருந்ததால், முன்னர் வந்திறங்கிய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் போன்ற பிரித்தானியக் கார்களைத் திருத்தித் திருத்தி ஓட்டுவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. குடாநாட்டின் சந்திகளில் வாடகைக்கு நின்றவையும் அவைதான். 1977க்குப் பிறகு ஜப்பானியக் கார்கள் வந்தன. 1990இல் போர் மறுபடி தொடங்கி, பெற்றோலும் உதிரிப்பாகமும் பற்றரியும் தடைப்பட்டபோது நவீனமான கார்கள் படுத்தன. பழைய ஏ40 எழுந்து ஓடியது. இயந்திரத்தை எழுப்ப மட்டும் கொஞ்சம் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். கரும்புகை கக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு நோயாளியையும் கோயிலுக்கு மாப்பிள்ளையையும் ஏற்றிச் சென்ற அந்தக் கார்களை இன்றும் சிலர் மினுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றுக்குக் கொடுக்கப்படும் விலையைக் கேட்டால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார். நாற்பது வயதான கார் உழைத்துக் கொடுத்ததைக் கண்ட ஒரு தலைமுறைக்கு, கார் என்பது ஓடத் தொடங்கிய நாளிலிருந்து பெறுமதி இழக்கும் பொருள் என்று விளங்கப்படுத்துவது கடினம். அவர்கள் சொந்த அனுபவத்தில் அது உண்மையும் இல்லை.

அண்மைக் காலமும் அதையே திருப்பிச் சொன்னது. 2020 மார்ச்சில், கொவிட் தொடங்கிய வேளையில், அந்நியச் செலாவணியைக் காக்க வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களுக்குள் 360 ரூபா வரை போனது. புதிய கார் வரவில்லை, பழைய கார் ரூபாவில் ஏறிக்கொண்டே போனது. 2018இல் வாகனார் ஒன்றை லீசிங்கில் எடுத்தவர், ஐந்து ஆண்டு ஓட்டிவிட்டு, வாங்கிய விலையைவிடக் கூடிய விலைக்கு விற்க முடிந்தது. ஐந்து ஆண்டு வட்டியையும் கார் தானே கட்டிவிட்டதுபோல் ஆயிற்று. அதே ஐந்து ஆண்டும் ஒருவர் மாதச் சந்தாவில் ஓட்டியிருந்தால்? கையில் ஒன்றும் மிஞ்சியிராது. விலை ஏற்றம் முழுவதும் சந்தா நிறுவனத்துக்குப் போயிருக்கும். வெளிநாட்டில் தேய்மானத்தை நம் தலையிலிருந்து இறக்கி வைக்கிற அதே ஒப்பந்தம், இங்கே பெறுமதி ஏற்றத்தை நம் கையிலிருந்து பறித்துக்கொள்ளும்.

2025 பெப்ரவரி 1ஆம் திகதி முதல் தனியார் வாகன இறக்குமதி மறுபடி அனுமதிக்கப்பட்டது. பழைய கார்களின் விலை பாதியாகச் சரியும் என்று பலர் காத்திருந்தார்கள். சரியவில்லை. சுங்கத் தீர்வை, அதன்மேல் மிகைவரி, இயந்திரக் கொள்ளளவுக்கு ஏற்ற உற்பத்தி வரி, 18 சதவீதப் பெறுமதி சேர் வரி என்று அடுக்கடுக்காக வந்து சேர்ந்த வரி பல கார்களில் காரின் விலையையே தாண்டிவிட்டது. சொகுசுக் காருக்கு இன்னும் ஒரு படி. பெற்றோல் காரில் 50 இலட்சம் ரூபா, ஹைபிரிட்டில் 55 இலட்சம், மின்சாரக் காரில் 60 இலட்சம் என்ற எல்லைக்கு மேற்பட்ட பெறுமதிக்குத் தனியாகச் சொகுசு வரி விதிக்கப்பட்டது. பெற்றோல் காருக்கு அது 100 சதவீதம், மின்சாரக் காருக்கு 60 சதவீதம். இந்த வரியெல்லாம் புதிதாக வருகிற காரின் விலையை மட்டும் உயர்த்துவதில்லை. ஏற்கனவே உள்ளே நிற்கிற ஒவ்வொரு காரின் விலையையும் முட்டுக்கொடுத்துத் தாங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக நானே வைத்த எண்கள் இவை. உங்கள் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கார் 1 கோடி ரூபா. பாதி முற்பணம், மீதி 50 இலட்சத்துக்கு லீசிங், ஐந்து ஆண்டு, குறைந்து செல்லும் மீதிக்கு ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. மாதத் தவணை ஏறத்தாழ 1,19,000 ரூபா வரும். ஐந்து ஆண்டில் கட்டுவது 71 இலட்சத்துக்குச் சற்று மேல். அதில் 21 இலட்சம் வட்டி. முற்பணமாகக் கொடுத்த 50 இலட்சத்தை 8 சதவீத நிலையான வைப்பில் போட்டிருந்தால் ஐந்து ஆண்டில் 20 இலட்சம் வந்திருக்கும். அதையும் செலவாகவே சேர்ப்போம். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், சேர்விஸ், ரயர் எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கு 4 இலட்சம். மொத்தம் 1 கோடியே 61 இலட்சம். ஆண்டுக்கு 8 இலட்சம் பெறுமதி குறைந்து, ஐந்து ஆண்டு முடிவில் கார் 60 இலட்சத்துக்கே விலைபோகிறது என்று வைத்தாலும், ஓட்டியதற்கான உண்மைச் செலவு மாதம் 1,69,000 ரூபா. வாங்கிய விலைக்கே விற்க முடிந்தால் அது 1,02,000 ஆகக் குறையும். வங்கிக் கணக்கில் முழுக் காசும் இருந்து, லீசிங் இல்லாமல் வாங்கினால் இன்னும் குறைவு. லீசிங் வட்டிக்கும் வைப்பு வட்டிக்கும் இடையிலுள்ள வித்தியாசம் முழுவதும் அவருக்கு மிச்சம்.

இப்போது சந்தா நிறுவனத்தின் பக்கம் போய் உட்காருவோம். அதே 1 கோடி ரூபாக் கார். போட்ட முதலுக்கு 15 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 15 இலட்சம். பராமரிப்பும் காப்புறுதியும் 4 இலட்சம். தேய்மானம் 8 இலட்சம். கூட்டினால் ஆண்டுக்கு 27 இலட்சம். பன்னிரண்டு மாதமும் யாராவது ஒருவர் சந்தா கட்டினால் மாதம் 2,25,000 ரூபா வாங்கினால்தான் கையைக் கடிக்காது. யாழ்ப்பாணத்தில் அப்படிப் பன்னிரண்டு மாதமும் ஆள் பிடிக்க முடியுமா? ஒன்பது மாதம் என்று வைத்தால் மாதம் 3 இலட்சம். நிறுவனத்தின் இலாபத்தை இன்னும் சேர்க்கவில்லை. மாதம் 3 இலட்சம் கட்டக்கூடிய ஒருவருக்கு நிதி நிறுவனம் பாய் விரித்து லீசிங் கொடுக்கும். அவர் ஏன் சந்தாவுக்குப் போகப்போகிறார்? லீசிங் கிடைக்காதவருக்கோ மாதம் 3 இலட்சம் கட்ட வழியிருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் வாடிக்கையாளர் என்று எஞ்சுகிறவர் மிகச் சிலர்.

லீசிங்கைப் புகழ்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். குடாநாட்டில் அதன் வரலாறு நீளமானதில்லை. நாட்டில் 1980 அளவில் லீசிங் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. 2002இல் ஏ9 வீதி திறந்தபோது ஓர் அலை வந்தது. 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடியதோடு நின்றது. 2009இல் போர் முடிந்த பிறகுதான் உண்மையான வெள்ளம். கொழும்பிலிருந்து நிதி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஸ்ரான்லி வீதியிலும் மற்ற முக்கிய வீதிகளிலும் பெயர்ப் பலகை மாட்டின. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, பட்டா, லான்ட்மாஸ்டர், ஹையேஸ் என்று எல்லாம் லீசிங்கில் இறங்கின. முப்பது ஆண்டு எதையும் வாங்க முடியாமல் இருந்த ஒரு சமூகத்துக்கு ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் கடனில் வாங்கலாம் என்று சொன்னால் என்ன நடக்குமோ அது நடந்தது. முற்பணத்துக்கு நகை அடகு, சீட்டுக் காசு, கனடாவிலிருந்து அண்ணன் அனுப்பியது. பிணைக்குப் பக்கத்து வீட்டு ஆசிரியர். தவணை இரண்டு மூன்று தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போக ஆட்கள் வந்தார்கள். எடுத்தவர் படகிலோ விமானத்திலோ ஏறிப் போய்விட்டால், தவணை பிணை நின்றவரின் வாசலுக்கு வந்தது.

மத்திய வங்கி 2017இல் கடிவாளம் போட்டது. ஓட்டோவுக்கு அதன் பெறுமதியில் 25 சதவீதத்துக்கு மேலும், காருக்கு 50 சதவீதத்துக்கு மேலும் கடன் கொடுக்கக்கூடாது என்று எல்லை வைத்தது. நோக்கம் நல்லது. ஆனால் எஞ்சிய முக்கால் பங்கை ஓட்டோக்காரர் வானத்திலிருந்தா எடுப்பார்? வட்டி கூடிய இன்னொரு கடனிலிருந்து எடுத்தார். சொகுசுக் கார் வாங்குகிறவருக்கு எல்லை பெரிதாக உறைக்கவில்லை. அவர் கையில் மீதிப் பாதி இருந்தது.

வட்டி விடயத்தில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, விற்பனை முகவர் சொல்லும் வீதம். “8 சதவீதம்தான் அண்ணை” என்பார். அது முழுக் கடனுக்கும் ஐந்து ஆண்டும் ஒரேயடியாகப் போடப்படும் வட்டி. நீங்கள் மாதாமாதம் முதலைக் கட்டிக் குறைத்துக்கொண்டு வருவதை அது கணக்கில் எடுப்பதில்லை. மேலே சொன்ன 50 இலட்சத்துக்கு அப்படி 8 சதவீதம் போட்டால் தவணை 1,16,667 ரூபா. குறைந்து செல்லும் மீதிக்கு அது 14 சதவீதத்துக்கும் சற்று மேல். இரண்டாவது, காலம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கடன் வசதி வீதத்தை 7.5 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதத்துக்கு ஒரே நாளில் தூக்கியது. 2023 மார்ச்சில் அது 16.5 வரை போனது. அந்த நாட்களில் லீசிங் வட்டி 28 சதவீதம் என்று வந்தால் அதே 50 இலட்சத்துக்குத் தவணை 1,56,000 ரூபாவுக்குக் கிட்டப் போகும்; ஐந்து ஆண்டு வட்டி மட்டும் 43 இலட்சம். கார் விலை உச்சத்திலும் வட்டி உச்சத்திலும் இருந்தபோது வாங்கியவர்களுக்கு, இந்த நாட்டில் கார் நட்டம் தராது என்ற பழைய நம்பிக்கை உதவவில்லை. காசு இருந்தும் ஓட்ட முடியாத காலமும் அதுவே. 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். கோடி ரூபாக் கார்கள் வாசலில் நிற்க, யாழ்ப்பாணம் சைக்கிளில் ஓடியது.

சந்தா இங்கே புதிதா என்றும் பார்க்க வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூட வானில் அனுப்புகிற ஒவ்வொரு வீடும் சந்தாதான் கட்டுகிறது: மாதம் ஒரு தொகை, சாரதி, எண்ணெய், காப்புறுதி எல்லாம் அடக்கம். வெள்ளவத்தைக்கு ஓடும் இரவுச் சொகுசு பஸ்ஸில் 400 கிலோமீற்றருக்கு ஓர் இருக்கையை வாங்குகிறவர், காரைத் துண்டு துண்டாக வாங்குகிறார் என்றும் சொல்லலாம். இவற்றைவிடக் கிட்டிய ஏற்பாடு மாத வாடகை. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகும், 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும், 2009க்குப் பிறகு வீடும் வீதியும் கட்டிய ஆண்டுகளிலும், தொண்டு நிறுவனங்களும் ஒப்பந்தக்காரர்களும் வாகனங்களை மாதக் கணக்கில் எடுத்தார்கள். மாதம் இத்தனை கிலோமீற்றர் வரை இந்தத் தொகை, அதற்கு மேல் கிலோமீற்றருக்கு இவ்வளவு, சாரதியோடு அல்லது சாரதி இல்லாமல். அதை நம்பி ஊரில் பலர் வானும் டபிள் கப்பும் லீசிங்கில் எடுத்து நிறுவனத்துக்கு விட்டார்கள். வாடகை வந்து தவணையைக் கட்டியது. கொஞ்சம் மிஞ்சவும் செய்தது. இதை விடச் சுத்தமான சந்தா வியாபாரம் இருக்க முடியாது. ஒரே வித்தியாசம், வெளிநாட்டில் ஆபத்தைச் சுமந்தது கார் நிறுவனம். இங்கே சுமந்தது சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ இருந்த தனி மனிதர். திட்டம் முடிந்து தொண்டு நிறுவனம் பெட்டி கட்டியபோது அதன் ஒப்பந்தம் ஒரு மாத அறிவித்தலோடு முடிந்தது. அவருடைய லீசிங்குக்கு இன்னும் மூன்று ஆண்டு இருந்தது.

தனியாருக்கு மாத வாடகைக்கு விடுவதில் இன்னும் மோசமான ஓட்டை உண்டு. வாடகைக்கு எடுத்த காரை இன்னொருவரிடம் அடகு வைத்துவிட்டுத் தலைமறைவாகும் மோசடி நாடெங்கும் செய்தியாகி வருகிறது. புத்தகத்தில் இரண்டு பெயர் இருந்தும் கார் மூன்றாமவர் கராச்சில் நிற்கிறது. காப்புறுதியும் கைகொடுக்காமல் போகலாம். சொந்தப் பாவனைக்கு என்று எழுதி எடுத்த காப்புறுதி, வாடகைக்கு ஓடும்போது நடந்த விபத்துக்குப் பணம் தர மறுக்க இடமுண்டு. சொகுசுக் கார் என்றால் ஒரு முன்பக்க விளக்கின் விலையே சாதாரணக் குடும்பத்தின் பல மாதச் செலவு. குடாநாட்டில் எந்த இடமும் கடலுக்குத் தூரமில்லை. உப்புக் காற்று அடிச்சட்டத்தைத் தின்னும். கணினி வைத்துப் பார்க்க வேண்டிய ஐரோப்பியக் காரின் பழுதைச் சந்திக் கராச்சில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. சந்தாவின் முழுக் கவர்ச்சியும் “உங்களுக்கு ஒரு தலையிடியும் இல்லை” என்பதில் இருக்கிறது. இங்கே அந்தத் தலையிடி கூடிய விலைக்கு விற்கப்படும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு மட்டும் கணக்கு வேறு. பலாலியில் 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையம் திறந்தது. இடையில் கொவிட்டால் நின்று, 2022 டிசெம்பரில் சென்னை விமானம் மறுபடி தொடங்கியது. நான்கு வாரம் நிற்க வருகிற குடும்பத்துக்கு ஒரு நல்ல கார் தேவை. கோயில், கலியாணம், நயினாதீவுக்குப் போகக் குறிகட்டுவான் வரை ஓட்டம், ஒரு தடவை கொழும்பு. அவர்களில் சிலர் ஊரில் கார் ஒன்றை வாங்கித் தம்பியின் பெயரில் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஆண்டில் பதினொரு மாதம் தம்பி ஓட்டுவார் அல்லது கார் தறப்பாளுக்குக் கீழே கிடக்கும். இரண்டில் எது நடந்தாலும் மனக்கசப்பில் முடிவதைக் கண்டிருக்கிறேன். இவர்களுக்கு ஒரு மாத வாடகை எவ்வளவு கூடினாலும் மலிவுதான், சாரதியோடு எடுத்தால் இன்னும் நல்லது. தெருவில் மாட்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் வலது பக்க ஸ்ரியரிங்கோடு போராட வேண்டியதில்லை. இங்கே ஓட்டுவதற்கான தற்காலிக அனுமதிப்பத்திரத்துக்கு அலைய வேண்டியதும் இல்லை. ஆனால் ஓகஸ்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கார் வேண்டும், ஒக்ரோபரில் ஒருவருக்கும் வேண்டாம். வெளிநாட்டுச் சந்தாக்களில் பார்த்த அதே சிக்கல் நல்லூரிலும் காத்திருக்கிறது.

சந்தா எடுபடக்கூடிய ஓர் இடம் எனக்குத் தெரிகிறது: மின்சாரக் கார். யாழ்ப்பாண மாவட்டம் 1,025 சதுர கிலோமீற்றர், மேடு பள்ளம் இல்லாத தட்டை நிலம். நகரிலிருந்து காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் காரைநகருக்கும் போய் வர ஒரு தடவை ஏற்றிய மின்சாரமே தாராளம். கூரையில் சூரியத் தகடு போட்ட வீடுகளும் பெருகிவிட்டன. சீன பிவைடி கார்களை ஜோன் கீல்ஸ் நிறுவனம் இலங்கைக்குக் கொண்டுவந்த பிறகு நடுத்தர வசதியுள்ளவர்களும் விலை கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் பெற்றோல் காரைப் போல் மின்சாரக் கார் விலையைப் பிடித்து நிற்குமா என்பதற்கு இந்த மண்ணில் அனுபவம் போதாது. பற்றரி பழசாகும், ஆண்டுதோறும் கூடிய தூரம் ஓடும் புதிய மொடல் வரும், கைமாற்றி வாங்குகிறவர் பற்றரியை எப்படிச் சோதிப்பது என்று தயங்குவார். உண்மையான தேய்மானம் வரும் இடம் இது. அந்தப் பயத்தை வேறொருவர் சுமக்கத் தயாராக இருந்தால், அதற்கு மாதம் கொஞ்சம் கூடக் கொடுப்பது நியாயம். வரும் ஆண்டுகளில் யாராவது யாழ்ப்பாணத்தில் மாதச் சந்தா தொடங்கினால் அது பென்ஸில் தொடங்காது. சின்ன மின்சாரக் காரில், குறைந்தது ஓர் ஆண்டு ஒப்பந்தத்தில், பெரும்பாலும் அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொடுப்பதில் தொடங்கும். சொகுசுக் கார் வேண்டுமென்றால் கையிலுள்ள காசுக்கு வாங்குங்கள். கலியாணத்துக்கு வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு எடுங்கள். முற்பணம் பாதிக்குக் குறைவாக இருந்தால், ஒரு படி இறங்கி அக்சியோ போன்ற சாதாரணக் காரோடு நின்றுகொள்ளுங்கள்.

எதைச் செய்தாலும் கையெழுத்துக்கு முன் ஒன்று கேளுங்கள். மத்திய வங்கி 2023இல் கொண்டுவந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் ஒப்பந்த விபரங்களை உங்கள் மொழியில் பெறும் உரிமையை உங்களுக்குத் தருகின்றன. ஆங்கிலப் பத்திரத்தில் பென்சிலால் புள்ளி போட்டு “இதிலை வையுங்கோ” என்று காட்டினால் பேனையைத் தொடாதீர்கள். தமிழில் கேளுங்கள். கட்டப்போகும் மொத்தத் தொகை, குறைந்து செல்லும் மீதிக்கான வட்டி வீதம், இடையில் கட்டி முடித்தால் எவ்வளவு, தவணை தவறினால் எத்தனை நாளில் வண்டியை எடுப்பார்கள் என்ற நான்கையும் எழுத்தில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், பிணை நிற்கப்போகிறவரையும் பக்கத்தில் இருத்தி ஒரு தடவை வாசியுங்கள்.